ஏற்றத்தில் கட்டை போடுவது எப்படி?

முன்பேரச் சந்தையில் இறங்கியிருக்கும் இளைய வணிகர்களுக்குச் சில வார்த்தைகள்



சென்ற மாதம் நமது சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, வல்லம் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு இளைய வணிகர் என்னைத் தனியே அழைத்துப் போனார். "அண்ணாச்சி, சாயங்காலத்துல குரூடு ஆயில் பண்றேன். டிரெய்லிங் ஸ்டாப் லாஸ் போட்டுத்தான் பண்றேன். அதப் போட்டா நஷ்டம் கையோட நின்னுடும்ல?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற மூத்தவர் ஒருவர், "அது சூதாட்டம் தம்பி, விட்டுடு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

மூத்தவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் ஒரே வார்த்தையில் முடித்தால் பையன்கள் கேட்பதில்லை. என் வீட்டிலேயே கேட்கவில்லை. ஒரகடத்திலிருந்து சுங்குவார்சத்திரம் வரை சிப்காட் வந்த பிறகு நம் கடைப் பிள்ளைகள் கையில் நல்ல செல்போன் இருக்கிறது, படிப்பும் இருக்கிறது. இரவு எட்டு மணிக்கு மெஸ்காரர்களின் லிஸ்ட் போட்டு முடித்தால் கொஞ்சம் நேரமும் இருக்கிறது. அந்த நேரத்தில் நடப்பதுதான் இந்த வியாபாரம். ஆகவே செய்யாதே என்று சொல்வதைவிட, அந்த ஸ்டாப் லாஸ் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று விவரமாக எழுதுவதே நல்லது என்று நினைத்தேன்.

நமக்குப் புதிதல்ல

முன்பேரம் என்பது வணிகருக்குப் புதிய சங்கதி இல்லை. பின்னால் வரப்போகும் சரக்குக்கு இன்றைக்கே விலை பேசி வைப்பதுதான் அது. 1875-லேயே பம்பாயில் பருத்தி வணிகர்கள் சங்கம் வைத்து இதை ஒழுங்காக நடத்தினார்கள். 1952-இல் மத்திய அரசு சட்டம் போட்டது. கொச்சியில் மிளகு வணிகர்கள் 1957-லிருந்து முன்பேரம் நடத்தினார்கள். பிறகு 2003 இறுதியில் எம்.சி.எக்ஸ்., என்.சி.டி.இ.எக்ஸ். என்ற இரண்டு கம்ப்யூட்டர் சந்தைகள் மும்பையில் வந்தன. 2015 செப்டம்பர் முதல் பங்குச் சந்தையைக் கவனிக்கும் செபியே இவற்றையும் கவனிக்கிறது.

சரக்கு வைத்திருப்பவனுக்கு இது காவல். ஒரகடம் பக்கத்தில் அலுமினிய வார்ப்புப் பட்டறை வைத்திருக்கும் எனக்குத் தெரிந்த ஒருவர், மூன்று மாத ஆர்டருக்கு விலை ஒப்புக்கொண்ட அன்றே சந்தையில் அலுமினியம் வாங்கிப் போட்டுவிடுவார். உலோகம் ஏறினால் பட்டறையில் வரும் நஷ்டத்தைச் சந்தை ஈடுகட்டும். இறங்கினால் சந்தையில் போவது பட்டறையில் வந்துவிடும். அவர் இதில் சம்பாதிக்கவில்லை, நிம்மதியாகத் தூங்குகிறார். அவ்வளவுதான்.

நம் மளிகைக்காரர் நிலைமை வேறு. துவரையும் உளுந்தும் 2007 ஜனவரியிலேயே முன்பேரச் சந்தையிலிருந்து நிறுத்தப்பட்டுவிட்டன. 2021 டிசம்பர் 20 அன்று செபி இன்னும் ஏழு சரக்குகளை நிறுத்தியது. பாசுமதி அல்லாத நெல், கோதுமை, கொண்டைக்கடலை, பாசிப்பயறு, கடுகு, சோயா, கச்சாப் பாமாயில் ஆகியவை அவை. ஓராண்டுக்கு என்று சொன்னது மேலும் மேலும் நீண்டு 2026 மார்ச் வரை போனது. மஞ்சள், சீரகம், தனியா போன்றவை ஓடின. ஆனால் நம் கடையில் மூட்டை மூட்டையாகப் புரள்வது பருப்பும் எண்ணெயும் அரிசியும்தானே! நமக்குத் தெரிந்த சரக்கு அங்கே இல்லை, அங்கே இருக்கும் சரக்கு நமக்குத் தெரியாது. விருதுநகரில் துவரம்பருப்பு மூட்டைக்கு ஐம்பது ரூபாய் ஏறினால் ஏன் ஏறியது என்று நம் பையன்கள் சொல்லிவிடுவார்கள். நியூயார்க்கில் கச்சா எண்ணெய் ஏன் ஏறியது என்று கேட்டால் செல்போனைப் பார்க்கிறார்கள்.

இன்னொரு வசதி, அந்தச் சந்தை காலை ஒன்பது மணிக்குத் திறந்து இரவு பதினொன்றரை வரைக்கும், குளிர்காலத்தில் அதற்கும் மேலும் நடக்கிறது. கடை மூடிய பிறகும் அது மூடுவதில்லை.

கட்டை போடும் கணக்கு

மலைப் பாதையில் பாரம் ஏற்றிய லாரி ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். கிளீனர் கையில் ஒரு கட்டையோடு கூடவே நடப்பார். வண்டி நாலடி ஏறி மூச்சு வாங்கினால் பின் சக்கரத்துக்குக் கீழே கட்டையைச் செருகுவார். மறுபடி ஏறினால் கட்டையை எடுத்துக்கொண்டு முன்னால் போவார். கட்டை எப்போதும் முன்னால்தான் போகும், பின்னால் வராது. வண்டி சறுக்கினாலும் கடைசியாகக் கட்டை போட்ட இடத்துக்குக் கீழே போகாது. டிரெய்லிங் ஸ்டாப் லாஸ் என்பது இதுதான்.

கணக்காகச் சொல்கிறேன். கச்சா எண்ணெய் ஒரு லாட் என்பது 100 பேரல். ஒரு ரூபாய் அசைந்தால் நமக்கு 100 ரூபாய். பேரல் 6,400-க்கு ஒரு லாட் வாங்கினோம் என்று வைத்துக்கொள்வோம். 60 ரூபாய் தள்ளி 6,340-இல் ஸ்டாப் லாஸ். விலை 6,460 போனால் ஸ்டாப்பை 6,400-க்கு இழுக்கிறோம். இனிமேல் முதல் போகாது. 6,520 போனால் ஸ்டாப் 6,460. அங்கிருந்து திரும்பி 6,460-ஐத் தொட்டால் தானாக விற்றுவிடும். பேரலுக்கு 60, மொத்தம் 6,000 ரூபாய் லாபம். இதில் தரகு, ஜி.எஸ்.டி., முத்திரைத் தீர்வை போகும். 2013 ஜூலையிலிருந்து கச்சா எண்ணெய், தங்கம், வெள்ளி, உலோகம் விற்றால் லட்சத்துக்குப் பத்து ரூபாய் வீதம் சரக்குப் பரிவர்த்தனை வரியும் உண்டு. ஒரு தடவைக்கு அது பெரிதில்லை. ஒரு சாயங்காலத்தில் எட்டு தடவை வாங்கி விற்பவருக்குப் பெரிது.

தூரம் எவ்வளவு வைப்பது என்பதில்தான் வித்தையே இருக்கிறது. பையன்கள் நஷ்டம் குறையட்டும் என்று 15, 20 ரூபாய் தள்ளி வைக்கிறார்கள். கச்சா எண்ணெய் சும்மா நிற்கும்போதே அந்த அளவுக்கு ஆடும். ஆட்டத்தில் ஸ்டாப் அடித்துவிட்டு, பிறகு விலை நாம் நினைத்த பக்கமே போகும். என் தங்கை மகன், என் கடையைப் பார்த்துக்கொள்பவன், ஒரு நாள் சாயங்காலம் ஐந்து தடவை இப்படி அடி வாங்கினான். ஐந்து தடவையும் அவன் நினைத்த திசை சரி. கையில் நஷ்டம் 9,000 ரூபாய். சிறு சிறு நஷ்டம் என்று சொல்லிக்கொண்டே போன பணம் அது.

கடந்த பத்து பதினைந்து நாட்களில் தினம் மேலுக்கும் கீழுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று ஒரு சிட்டையில் எழுதிக் கூட்டி வகுத்துப் பாருங்கள். சராசரி 140 ரூபாய் என்றால் 20 ரூபாயில் ஸ்டாப் வைப்பது தெருவில் கடலை காயப்போட்டுவிட்டுக் காக்கை வராது என்று இருப்பது போல. சராசரியில் பாதியாவது தள்ளி வைக்க வேண்டும். அவ்வளவு தூரம் வைத்தால் வரும் நஷ்டத்தை நம் கை தாங்குமா? தாங்காது என்றால் சரக்கைக் குறைக்க வேண்டும். 10 பேரல் லாட்டும் சந்தையில் வந்திருக்கிறது. ஸ்டாப்பை நெருக்கி வைத்துப் பெரிய லாட்டை வாங்குவதைவிட, தள்ளி வைத்துச் சின்ன லாட்டை வாங்குவது எத்தனையோ மேல்.

அமெரிக்கக் கச்சா எண்ணெய்க் கையிருப்புக் கணக்கு வாரந்தோறும் பெரும்பாலும் புதன்கிழமை வருகிறது. நம் நேரப்படி இரவு எட்டு மணி, குளிர்காலத்தில் ஒன்பது. அந்த நிமிடத்தில் விலை படி படியாக இறங்காது, குதிக்கும். இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி. ஸ்டாப் லாஸ் ஆர்டரில் இரண்டு விலை கொடுக்கிறோம். ஒன்று ஆர்டரை எழுப்பும் விலை, மற்றது இதற்குக் கீழே விற்காதே என்ற விலை. 6,340-இல் எழுப்பு, 6,335-க்குக் கீழே விற்காதே என்று போட்டிருக்கிறோம். விலை 6,350-லிருந்து ஒரே தாவாக 6,310-க்குப் போனால் ஆர்டர் எழும், ஆனால் விற்காது. 6,335 கேட்டுக்கொண்டு அப்படியே நிற்கும். நாம் ஸ்டாப் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு சாப்பிடப் போயிருப்போம்!

இன்னொன்று. தானாக நகரும் ஸ்டாப் என்று சொல்கிறார்களே, அதை நகர்த்துவது தரகரின் கம்ப்யூட்டர். அங்கே கோளாறு என்றால் கட்டை இருந்த இடத்திலேயே இருக்கும். சந்தையிலேயே கோளாறு என்றால் கட்டையே இல்லை. 2025 அக்டோபர் 28 அன்று எம்.சி.எக்ஸ். சந்தை காலை ஒன்பது மணிக்குத் திறக்க வேண்டியது, கோளாறால் மதியம் ஒன்றரை மணியை ஒட்டித்தான் திறந்தது. நான்கு மணி நேரத்துக்கு மேல் யாரும் வாங்கவும் முடியவில்லை, விற்கவும் முடியவில்லை.

2020 ஏப்ரல் 20

இப்போது என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. என் தங்கை மகனே எழுதச் சொன்னான்.

கொரோனா ஊரடங்கு நேரம். ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை ஆலைகள் எல்லாம் மூடிக் கிடந்தன. மெஸ், விடுதி வியாபாரம் அடியோடு நின்றுவிட்டது. மளிகைக்கு மட்டும் சில மணி நேரம் அனுமதி. மதியத்துக்கு மேல் கதவை இறக்கிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தோம். ஊரடங்கை முன்னிட்டு எம்.சி.எக்ஸ். சந்தையும் மார்ச் 30 முதல் மாலை ஐந்து மணிக்கே மூடிக்கொண்டிருந்தது. நியூயார்க்கில் மட்டும் வழக்கம்போல் நடந்தது.

ஏப்ரல் 20, திங்கட்கிழமை. அந்த மாதத்துக் கச்சா எண்ணெய் ஒப்பந்தத்துக்குக் கடைசி நாள். உலகமெங்கும் வண்டி ஓடவில்லை, விமானம் பறக்கவில்லை, எண்ணெய் வாங்குவார் இல்லை. பேரல் ஆயிரம் ரூபாய்க்குக் கீழே வந்துவிட்டது. "தண்ணிய விட மலிவு மாமா. இதுக்கு மேல எங்க இறங்கும்? பூஜ்யத்துக்கே போனாலும் ஒரு லட்சத்துக்கு மேல போகாது" என்றான். நாலரை மணிக்கு 990-இல் ஒரு லாட் வாங்கினான். 40 ரூபாய் தள்ளி ஸ்டாப் லாஸும் போட்டான். ஐந்து மணிக்குச் சந்தை மூடியபோது விலை 965 ரூபாய் அளவில் நின்றது. ஸ்டாப் தொடவில்லை. இரவு நியூயார்க்கில் கொஞ்சம் ஏறினாலும் போதும், அந்த விலைக்குக் கணக்கு முடிப்பார்கள், லாபம் என்று இருந்துவிட்டான்.

அன்று இரவு என்ன நடந்தது என்று உலகத்துக்கே தெரியும். நியூயார்க்கில் மே மாத எண்ணெய் பூஜ்யத்துக்குக் கீழே போய் பேரலுக்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. எண்ணெயை வைக்கத் தொட்டி இல்லாததால், எடுத்துப்போனால் போதும், பணமும் தருகிறேன் என்ற நிலை. நம் ஒப்பந்தம் நியூயார்க் விலையை வைத்தே கணக்கு முடிவது. ஆகவே இங்கே பேரலுக்கு மைனஸ் 2,884 ரூபாய் என்று முடிவானது. சில தரகு நிறுவனங்கள் மும்பை உயர் நீதிமன்றம் வரை போயின. ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் கணக்கு. படிக்காமல் வாங்கியது எங்கள் தவறு, அதில் யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

990-க்கு வாங்கியது மைனஸ் 2,884. பேரலுக்கு 3,874 ரூபாய். நூறு பேரலுக்கு 3,87,400 ரூபாய். முழுதும் போனால் 99,000 என்று நினைத்திருந்தான். 4,000 ரூபாய்தான் போகும் என்று கட்டை போட்டிருந்தான். கட்டை போட்ட இடத்தில்தான் இருந்தது, பாதையே இல்லாமல் போய்விட்டது.

நம் கணக்கில் சொன்னால்தான் நமக்கு உறைக்கும். 26 கிலோ அரிசி மூட்டை ஒன்றுக்கு அப்போது எனக்கு நின்றது 20 ரூபாய். 3,87,400 ரூபாய் என்பது 19,370 மூட்டையின் லாபம். பத்து டன் லாரி ஒன்றுக்கு 384 மூட்டை ஏறும். ஐம்பது லாரி அரிசி செங்குன்றத்திலிருந்து வந்து, இறங்கி, கடன் கொடுத்து, வசூல் பண்ணி முடித்தால் வரும் பணம், ஒரு ராத்திரியில் போனது.

அதைவிடப் பெரியது, அது யார் பணம் என்பது. பருப்பு மில்காரருக்கு மாதக் கடைசியில் அனுப்ப வேண்டிய வசூல் பணத்தைத்தான் தரகர் கணக்கில் போட்டு வைத்திருந்தான். மூன்று நாள் என்னிடம் சொல்லவில்லை. நாலாம் நாள் காலையில் கல்லாவுக்கு எதிரே வந்து நின்றான். "மாமா, மில்லுக்குப் பணம் இல்ல" என்றான். நான் எதுவும் கேட்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தால் கேட்கத் தோன்றவில்லை. முப்பது வருடத்தில் ஒரு தவணை தவறியதில்லை அந்த மில்லுக்கு. போன் எடுத்து, "இந்த மாசம் பாதிதான் வரும், மீதிக்கு மூணு மாசம் கொடுங்க" என்று நான் கேட்டபோது, அந்தப் பக்கம் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஊரடங்குதானே, எல்லாருக்கும் உள்ளதுதான்" என்றார். நான் ஆமாம் என்றேன். அந்தப் பொய் இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. பணத்தை ஆகஸ்டுக்குள் கட்டிவிட்டோம். அத்தையின் வளையல் இரண்டு அடகுக்குப் போய் வந்தது.

வாங்குவார் இல்லாத சந்தை

எண்ணெய் மட்டும் இல்லை, விளைபொருளிலும் இது உண்டு. அங்கே ஒரு நாளைக்கு இவ்வளவுதான் ஏறலாம், இறங்கலாம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். கேட்க நல்லதாக இருக்கிறது. ஆனால் விலை கீழ் வரம்பைத் தொட்டுவிட்டால் விற்பவர் வரிசையில் நிற்பார், வாங்குபவர் இருக்க மாட்டார். 2016 ஜனவரியில் ஆமணக்குக்கு இதுதான் நடந்தது. நாளுக்கு நாள் கீழ் வரம்பிலேயே நின்று, 27-ஆம் தேதி என்.சி.டி.இ.எக்ஸ். ஆமணக்கு முன்பேரத்தையே நிறுத்திவிட்டது. அதில் மாட்டியவர்களும் ஸ்டாப் லாஸ் போட்டுத்தான் இருந்திருப்பார்கள். விற்கச் சொல்லி ஆர்டர் போகலாம், எதிரே வாங்க ஆள் வேண்டுமே!

மஞ்சளில் ஒரு லாட் 5 டன். கிலோவுக்கு ஒரு ரூபாய் அசைந்தால் 5,000 ரூபாய். கடையில் மஞ்சள்தூள் ஐம்பது கிராம் பாக்கெட் தொங்கவிட்டு விற்பவர் 5 டன் மஞ்சளில் கை வைக்கிறோம் என்று நினைப்பதே இல்லை. மார்ஜின் பணம் மட்டும் கட்டுவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கட்டையை நம் குடோனிலேயே போடலாம்

இவ்வளவு சொல்லிவிட்டு டிரெய்லிங் ஸ்டாப் வேண்டாத பொருள் என்று சொன்னால் அது நியாயம் ஆகாது. எனக்கு அது பயன்பட்டது கம்ப்யூட்டரில் இல்லை, குடோனில்.

2010 இறுதியில் ஈரோட்டில் மஞ்சள் குவிண்டால் 17,000 ரூபாய் போனது நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். மலிவில் வாங்கிய விரலி மஞ்சள் 40 குவிண்டால் என்னிடம் இருந்தது. இருபதாயிரம் போகட்டும் என்று வைத்திருந்தேன். 15,000-க்கு வந்தது, மறுபடி ஏறும் என்றேன். 10,000-க்கு வந்தது, இவ்வளவு இறங்கிய பிறகு விற்பதா என்றேன். 2012-இல் குவிண்டால் 5,000-க்கும் கீழே கொடுத்தேன், அதிலும் கொஞ்சம் பூச்சி விழுந்திருந்தது. உச்சியிலிருந்து இவ்வளவு இறங்கினால் கொடுத்துவிடுவேன் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருந்தால் நாலு லட்சம் மிஞ்சியிருக்கும்.

2023-இல் மறுபடி வந்தது. ஏப்ரலில் குவிண்டால் ஏழாயிரத்தை ஒட்டி இருந்த மஞ்சள் ஆகஸ்டில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. இந்தத் தடவை சீட்டு எழுதிக் கல்லாப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டினேன். உச்சியிலிருந்து நூற்றுக்குப் பதினைந்து இறங்கினால் பாதிச் சரக்கு, இருபது இறங்கினால் மீதி. விலை ஏற ஏறச் சீட்டில் உள்ள எண்ணை அடித்து மேலே எழுதினேன். ஒரு தடவையும் கீழே எழுதவில்லை. செப்டம்பரில் இறங்கியபோது இரண்டு கட்டையும் விழுந்து முழுதும் விற்றுவிட்டேன். நல்ல லாபம். ஆனால் 2024 கோடையில் முன்பேரச் சந்தையில் அது 18,000-ஐயும் தாண்டியது! "அப்பவும் வச்சிருந்து நட்டம், இப்பவும் வித்து நட்டமா?" என்று வீட்டில் கேட்டார்கள். உச்சியில் விற்க இந்த முறை உதவாது, அதையும் சொல்லிவிட வேண்டும். உச்சிக்குக் கீழே ஒரு இடத்தில்தான் விற்கும், பிறகு ஏறினால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதைப் பொறுக்க முடியாதவர் கட்டையைத் தூக்கி எறிந்துவிடுவார்.

குடோனில் உள்ள மஞ்சள் எவ்வளவு இறங்கினாலும் மஞ்சளாக இருக்கும். கடனாக யாரும் இரவோடு இரவாகப் பணம் கேட்க மாட்டார்கள். முன்பேரத்தில் அன்றைய நஷ்டத்தை அன்றைக்கே கட்ட வேண்டும், இல்லாவிட்டால் தரகரே விற்று முடித்துவிடுவார். இந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது.

இறங்கித்தான் ஆவேன் என்பவருக்கு

பங்குச் சந்தையைப் பற்றிச் செபி 2024-இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகள் இருக்கின்றன. அன்றன்றைக்கே வாங்கி விற்பவர்களில் 2022-23-இல் பத்துக்கு ஏழு பேர் நஷ்டப்பட்டார்கள். பங்கு முன்பேரத்திலும் ஆப்ஷனிலும் 2021-22 முதல் மூன்று ஆண்டுகளில் நூற்றுக்கு 93 தனி நபர்கள் நஷ்டப்பட்டார்கள். அது பங்குக் கணக்கு, சரக்குக் கணக்கு இல்லை. ஆனாலும் செய்பவர்கள் அதே மனிதர்கள்தான்.

இது தெரிந்தும் இறங்குபவர் முதலில் பணத்தைப் பிரிக்க வேண்டும். வசூல் பணம் நம் பணம் இல்லை. அது மில்காரர் பணம், பத்து நாள் நம் கையில் இருக்கிறது, அவ்வளவுதான். தனி வங்கிக் கணக்கு வைத்து, மாத லாபத்தில் வீட்டுச் செலவு போக மிஞ்சியதில் ஒரு பங்கு மட்டும் அதில் போடலாம். தீர்ந்தால் அடுத்த மாதம்தான். ஒரு தடவைக்குப் போகக்கூடிய நஷ்டம் ஒரு நாள் கடை லாபத்தைத் தாண்டக் கூடாது என்பது என் அளவுகோல், வேறொருவர் வேறு வைக்கலாம்.

அன்றன்றைய வியாபாரம் என்றால் அன்றே முடிக்க வேண்டும். சாயங்காலம் வாங்கியது நஷ்டத்தில் இருக்கிறது, நாளைக்கு வரும் என்று மறுநாளுக்கு எடுத்துப் போவதில்தான் பலர் கெட்டார்கள். ஒப்பந்தம் முடியும் நாளுக்கு நாலைந்து நாள் முன்பே அந்த மாதச் சரக்கை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். உலோகம் என்றால் கடைசி வரை வைத்திருப்பவர் சரக்கே எடுக்க நேரும். 5 டன் அலுமினியத்தை மளிகைக் கடையில் எங்கே வைப்பது?

நம் பகுதியில் கணக்கு, ரசீது எதுவும் இல்லாமல், சந்தை விலையைப் பார்த்துத் தங்களுக்குள்ளேயே கட்டிக்கொள்ளும் டப்பா வியாபாரமும் நடப்பதாகக் கேள்விப்படுகிறேன். அது சட்ட விரோதம். பணம் வராவிட்டால் போய்க் கேட்க இடமில்லை. செபியில் பதிவு பெற்ற தரகர் என்றால் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் ஒப்பந்தச் சீட்டு அனுப்பியாக வேண்டும். அது வருகிறதா என்று பாருங்கள்.

வல்லத்துத் தம்பிக்கு அன்றைக்கு டீக் கடையில் இவ்வளவும் சொல்ல நேரமில்லை. "மில்லுக்குக் கட்ட வேண்டியது எவ்வளவு இருக்கு, தரகர்கிட்ட எவ்வளவு இருக்கு?" என்று மட்டும் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் டம்ளரை வைத்துவிட்டுப் போனார். அதனால்தான் இதை எழுதினேன்.

என் தங்கை மகன் இன்றும் விடவில்லை. 10 பேரல் லாட்டில் மட்டும் செய்கிறான், தனிக் கணக்கில். தினமும் ஒரு நோட்டில் வாங்கியது, விற்றது, ஸ்டாப் போட்டது, நகர்த்தியது எல்லாம் எழுதுகிறான். சென்ற ஆண்டுக் கணக்கைக் கூட்டிப் பார்த்தோம். தரகும் வரியும் போகப் பதினோராயிரத்துச் சொச்சம் நஷ்டம். "பரவாயில்ல மாமா, நோட்டு இருக்கு" என்றான். போன புதன்கிழமை கடையில் சரக்கு இறங்கிக்கொண்டிருந்தபோது வந்தான். எட்டு மணிக்குக் கையிருப்புக் கணக்கு வருகிறதாம், ஏழே முக்காலுக்கே விற்று முடித்துவிட்டானாம். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மூட்டை எண்ணப் போனான்.